என்றது, என்றான், என்றேன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, 7-ஆம் வகுப்பில் படிக்கும் என் மகள், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கதையைச் சாப்பிட்டுக்கொண்டே தன் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் அம்மா 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றிப் பேத்தி “ஜீனோ சொன்னான்”, “ஜீனோ படிச்சான்” என்று சொல்வதை இரண்டு முறை பொறுத்துக்கொண்டவர், மூன்றாவது முறை தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நாய்க்குச் ‘சொன்னான்’ வராது கண்ணு. ‘சொன்னது’ன்னு சொல்லு. அஃறிணை.”

“அவன் யோசிக்கிறான் பாட்டி. புத்தகமெல்லாம் படிக்கிறான். யோசிக்கிறவன் எப்படி அஃறிணை ஆவான்?”

“உயர்திணை என்மனார் மக்கட்சுட்டே. நாய் மக்கள் இல்லை. இது நாய்கூட இல்லை, மெஷின். சட்னி போட்டுக்கோ.”

பேத்தி சட்னி போட்டுக்கொண்டாள். ஆனால் அன்று இரவு முழுவதும் ‘சொன்னான்’ என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

வெகுஜனக் கதைகள் மனிதத் தன்னுணர்வை எப்படிக் கையாள்கின்றன என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பல மாதங்களாக இருந்தது. மூளை, நரம்பணு, ஆன்மா, பிரக்ஞை என்று பெரிய சொற்களாகக் குறிப்பேட்டில் எழுதி, பக்கம் பக்கமாக அடித்து வைத்திருந்தேன். நான் தேடிய வழி அந்தத் தோசைத் தட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நாய்க்கும் அரசனுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். தமிழில் அப்படி நழுவ முடியாது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள், பேசியது மக்கள் இனமா, அல்லாததா என்று விகுதியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி, ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ என்று மனத்தை ஆறாவது அறிவாக வைக்கும் தொல்காப்பியருக்கு, எதற்கு உள்ளம் உண்டு, எதற்கு இல்லை என்பது இலக்கணத்துக்கு உட்பட்ட கேள்வியாகவே இருந்திருக்கிறது.

இதில் நான் மிகவும் ரசிக்கும் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் பெயரியலில் யான், யாம், நாம் ஆகிய சொற்களை உயர்திணைப் பெயர்களின் வரிசையில் சேர்க்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் நன்னூல் எழுதிய பவணந்தியாரோ, தன்மைப் பெயர்கள் நான்கையும் இரு திணைக்கும் பொதுவான பெயர்களோடு வைத்துவிடுகிறார். ‘அவன்’, ‘அது’ என்பவை வெளியே நின்று பார்ப்பவர் சொல்பவை. ஆகவே பார்ப்பவர் திணையைத் தீர்மானித்துவிடுகிறார். ‘வந்தேன்’ என்ற சொல் உள்ளிருந்து வருகிறது. அதைச் சொன்னது ஆணா, பெண்ணா, நாயா, இயந்திரமா என்பதற்கு அந்த விகுதியில் ஒரு தடயமும் இல்லை. ‘நான்’ என்று சொல்லும் உரிமை மக்களுக்கு மட்டுமே உரியதா, சொல்லத் தெரிந்த எதற்கும் உரியதா? நான் விரும்பிப் படித்த அறிபுனைகளில் (அறிவியல் புனைகதைகளில்) பெரும்பாலானவை இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் நடக்கின்றன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. (பல கதைகளின் முடிவுகளை இனி நான் சொல்லிவிடப் போகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

ஜீனோவிடமிருந்தே தொடங்கலாம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்தக் கதை, எழுதப்பட்ட காலத்தில் எதிர்காலமாக இருந்த 2020-களில் நடக்கிறது. அங்கே பெயர்கள் இரண்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். நாட்டை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு வந்து சேரும் ரவியோடு ஜீனோவும் வருகிறது. சிறு வயதில் இதைப் படித்தபோது, ஜீவா வெறும் ஹோலோகிராம், ஒளியால் ஆன பிம்பம், என்று தெரியவரும் இடம் எனக்கு ஒரு திகில் திருப்பமாக மட்டுமே பட்டது. இப்போது படிக்கும்போது அதன் அமைப்பு தெரிகிறது. எல்லோரும் ‘அவர்’ என்று மரியாதையோடு சொல்லும் தலைவருக்கு உள்ளே யாருமே இல்லை. ‘அது’ என்று சொல்லி விளையாட்டுப் பொருளாக வைத்திருக்கும் நாயோ புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கேலி செய்கிறது. உயர்திணைப் பன்மை விகுதியை வெற்று ஒளிக்கும், அஃறிணை ஒருமையைச் சிந்திக்கும் ஒன்றுக்கும் கொடுத்து, ஒரு வாரப் பத்திரிகைத் தொடருக்குள் சுஜாதா இதைச் செய்திருக்கிறார் என்பது எளிய காரியம் அல்ல. இலக்கிய வட்டங்களில் அவருடைய அறிபுனைகளைக் குழந்தைக் கதை என்று ஒதுக்குகிறவர்கள், இந்த ஒரு தலைகீழாக்கத்தைப் பற்றியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பாட்டி என்று சொல்லத்தக்க ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1818-இல் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. கதையில் வரும் விஞ்ஞானி விக்டர், தான் உருவாக்கிய உடல் கண் திறப்பதைச் சொல்லும் இடத்தை மூல ஆங்கிலத்தில் மெதுவாகப் படித்துப் பாருங்கள். மஞ்சள் நிறக் கண் திறக்கிறது, அது மூச்சு வாங்குகிறது, அதன் கைகால்கள் துடிக்கின்றன, இதுவரை அஃறிணை. அடுத்த பத்தியில், அவனுடைய உறுப்புகளை அளவோடு அமைத்திருந்தேன், அவனுடைய முகத்துக்கு அழகான கூறுகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்கிறான். ஒரு பத்தி இடைவெளியில் ‘அது’ ‘அவன்’ ஆகிவிடுகிறது. தன் கையால் செய்ததை எந்தத் திணையில் வைப்பது என்று செய்தவனுக்கே தெரியவில்லை.

ஆனால் நாவலின் நெஞ்சு அங்கே இல்லை. மோன் பிளாங் மலையடியில், பனியாற்றின் மேலே உள்ள ஒரு குடிசையில், நெருப்புக்கு அருகே அமர்ந்து அந்தப் பெயரில்லாத உயிர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறது. பல அத்தியாயங்களுக்கு நாம் ‘என்றேன்’ என்ற விகுதிக்குள் வாழ்கிறோம். தன்னுணர்வு முளைப்பதை உள்ளிருந்து சொல்ல முயன்ற பக்கங்களில் இவற்றுக்கு நிகரானவை குறைவு. முதலில் பார்ப்பது, கேட்பது, தொடுவது, மோப்பது எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வெளிச்சம் கூசுவதால் கண்ணை மூடிக்கொள்கிறான். மூடியதும் இருட்டு வருகிறது. மரங்களுக்கு நடுவிலிருந்து ஏதோ ஒளி எழுவதைப் பார்த்து மகிழ்கிறான். அது நிலா என்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியாது. பறவைகளைப் போலப் பாட முயன்று, தன் தொண்டையிலிருந்து வந்த ஒலிக்குத் தானே பயந்து வாயை மூடிக்கொள்கிறான். நாடோடிகள் விட்டுச்சென்ற நெருப்பின் கதகதப்பில் மகிழ்ந்து தணலுக்குள் கையை விட்டுச் சுட்டுக்கொண்ட பின், ஒரே பொருள் எப்படி இன்பத்தையும் வலியையும் தருகிறது என்று வியக்கிறான். சிந்தனை என்ற ஒன்று அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு மொழி வருகிறது. ஒரு குடிசைச் சுவரின் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்ற சொற்களைக் கற்கிறான். அந்த வீட்டு இளைஞனுக்குப் பெயர், சகோதரன், மகன் என்று பல பெயர்கள் இருக்கின்றன; இளம்பெண்ணுக்கும் அப்படியே; முதியவருக்கு மட்டும் ‘அப்பா’ என்ற ஒரே பெயர். உறவுமுறைச் சொற்களைக் கவனித்தபோதுதான், தன்னைக் கூப்பிட ஒரு சொல்கூட இல்லை என்பது அவனுக்குப் புரியத் தொடங்குகிறது. மாமா, சித்தி, அத்தை என்று ஒவ்வொருவரையும் உறவு சொல்லியே அழைத்து வளர்ந்த நமக்கு அந்த வெறுமையின் கனம் சட்டென்று உறைக்கும். அந்தக் குடும்பத்தின் முதியவர் டி லேஸி பார்வையற்றவர். அவரிடம் தனியாகப் பேசும் சில நிமிடங்களில் மட்டும் அவன் ஒரு மனிதனாக ஏற்றுக்கொள்ளப்படுகிறான், ஏனென்றால் அவரை எட்டியது அவனுடைய ‘நான்’ மட்டும்தான். கண்ணுள்ள பிள்ளைகள் உள்ளே வந்ததும் அவன் மறுபடியும் ‘அது’ ஆகிவிடுகிறான், அடி விழுகிறது.

இதற்குப் பிறகு மேடையும் திரையும் அந்தப் பாத்திரத்துக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1823-இல் லண்டனில் முதன்முதலாக இக்கதை நாடகமானபோது, விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகத்தைப் பார்த்த மேரி ஷெல்லி அந்தக் கோட்டை ரசித்தார். ஆனால் அந்த நாடகத்தில் பாத்திரத்துக்குப் பேச்சே கிடையாது. 1931-இல் வந்த புகழ்பெற்ற திரைப்படத்திலும் போரிஸ் கார்லோஃப் முனகுகிறார், உறுமுகிறார், பேசுவதில்லை. படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அவருக்கு நேராக ஒரு கேள்விக்குறி. நாவலில் ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்து மனம் கலங்கியவன் அவன். அந்தத் தன்மை விகுதியைப் பிடுங்கியதும் அவன் உள்ளமும் கூடவே போய்விட்டது. உலகம் முழுவதும் குழந்தைகள் அறிந்திருப்பது கழுத்தில் ஆணி வைத்த அந்த ஊமை உருவத்தைத்தான்.

ஸ்டீவன்சன் எழுதி 1886-இல் ஒரு ஷில்லிங் விலைக்கு வந்த ‘ஜெகிலும் ஹைடும்’ கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நல்லவனுக்குள் கெட்டவன் என்ற அதன் கரு நம்முடைய இரட்டை வேடப் படங்கள் வரை தேய்ந்துபோயிருக்கிறது. ஒரே ஓர் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். கடைசிப் பகுதியில் ஜெகில் தன் வாக்குமூலத்தைத் தன்மையில் எழுதிக்கொண்டு போகிறார். மருந்துக்குப் பிறகு ஹைடாக மாறித் தான் செய்தவற்றையும் முதலில் ‘செய்தேன்’ என்றே எழுதுகிறார். ஓரிடத்தில் பேனா தடுக்குகிறது. ‘அவன்’ என்று எழுதிவிட்டு, ‘நான்’ என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்கிறார். தமிழில் பெயர்த்தால் ‘-ஏன்’ ஒரு வரியில் ‘-ஆன்’ ஆக உடைகிறது. ஸ்டீவன்சனின் மருந்து, புகை, மாறும் உருவம் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்தான். ஒரு மனிதனின் தன்னுணர்வு முறியும் ஓசை அந்தப் பிரதிப்பெயர் மாற்றத்தில்தான் எனக்குக் கேட்கிறது.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட கதைக்கு வருகிறேன். டேனியல் கீஸ் எழுதிய ‘அல்ஜெர்னனுக்கு மலர்கள்’ 1959 ஏப்ரலில் ஓர் அமெரிக்க அறிபுனை மாத இதழில் சிறுகதையாக வந்தது. 1966-இல் அதை அவரே நாவலாக விரித்தார். அடுமனையில் வேலை செய்யும் சார்லி கார்டன் என்ற அறிவுக் குறைபாடு உள்ள மனிதனுக்கு, அல்ஜெர்னன் என்ற எலிக்கு முன்பே செய்து பார்த்த அறுவை சிகிச்சையைச் செய்கிறார்கள். அவன் அறிவு ஏறுகிறது, மேதைமையைத் தொடுகிறது, பிறகு எலியின் சரிவைத் தொடர்ந்து அவனும் சரிகிறான். கதை முழுவதும் அவன் எழுதும் முன்னேற்ற அறிக்கைகளாகவே இருக்கிறது. கதையை முதலில் கேட்ட ஓர் இதழாசிரியர், சார்லி அறிவாளியாகவே நிலைத்துத் திருமணம் செய்துகொண்டு சுகமாக வாழ்வதாக முடிவை மாற்றச் சொன்னார், கீஸ் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இதை வெளியிடும் எண்ணம் இல்லாமல், சொந்தத் திருப்திக்காகத் தமிழில் பெயர்த்துப் பார்க்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். முதல் பக்கமே வழிமறித்தது. சார்லியின் தொடக்க அறிக்கைகள் முழுவதும் எழுத்துப்பிழைகள். ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறொன்று என்பதால், காதில் விழுந்தபடி எழுதினாலே பிழை வந்துவிடும். தமிழில் காதில் விழுந்தபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை புகும் வாசல்கள் நமக்கு வேறு: ரகர றகரம், லகர ளகர ழகரம், னகர ணகரம், ஒற்று மிகும் இடம். ‘முன்னேற்ற அறிக்கை’ என்பதை ‘முண்ணேற்ர அரிக்கை’ என்று எழுதினேன். அறிவதும் அரிப்பதும் ஒன்றாகிவிட்டதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. அப்படியே நான்கு பக்கம் எழுதி, கூடத்து மேசையில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால், அம்மா நான்கு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்தி முடித்திருந்தார். ஒவ்வொரு ‘ர’வுக்கும் மேலே ‘ற’. விட்டுப்போன ஒற்றுகள் எல்லாம் உரிய இடத்தில் ஏறியிருந்தன. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அவருடைய வழக்கமான சாய்ந்த கையெழுத்தில் ‘கவனம் தேவை’ என்று எழுதியிருந்தது. கோபம் வரவில்லை, திருத்திய வடிவத்தை உட்கார்ந்து படித்தேன். நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன. மைக்கறை படிந்த அட்டையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள், மை கொட்டியிருக்கிறது என்கிறான். எலியோடு புதிர்ப்பாதைப் போட்டி வைக்கிறார்கள், தோற்கிறான். ஆனால் அந்தப் பக்கங்களில் சார்லி இல்லை. யாரோ ஒரு பள்ளி ஆய்வாளர் சார்லியைப் பற்றி எழுதிய குறிப்பைப் போல இருந்தது. பிழைகளோடு சேர்த்து அவனுடைய உள்ளத்தையும் அந்தப் பேனா எடுத்துவிட்டிருந்தது. காற்புள்ளி என்ற ஒன்று உண்டு என்று கற்றுக்கொண்ட அன்றே, மகிழ்ச்சியில் கண்ட இடத்திலெல்லாம் அதைத் தூவி அவன் எழுதும் ஒரு பத்தி உண்டு. தன் அறிவு வளர்வதை ஒருவன் உள்ளிருந்து உணர்வது எப்படி இருக்கும் என்பதற்கு நான் படித்தவற்றில் இதைவிடத் துல்லியமான சான்று இல்லை.

தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1974-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டார். வௌவாலின் மூளையையும் எதிரொலி கேட்கும் முறையையும் முற்றாக அறிந்துகொண்டாலும், வௌவாலுக்கு அது எப்படி இருக்கிறது என்பது எஞ்சி நிற்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் சிவப்புப் பேனாதான் நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து சரியாக எழுதிய அறிக்கையில் விடுபடுவது எதுவோ, அதைப் பிடிக்கத்தான் கீஸ் பிழைகளைக் கருவியாக்கினார்.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். கனடாவைச் சேர்ந்த கடல்வாழ் உயிரியலாளர் பீட்டர் வாட்ஸ் 2006-இல் எழுதி, பிறகு இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்க விட்ட ‘பிளைண்ட்சைட்’ நாவல் அது. தலைப்பு ஒரு நரம்பியல் நிலையின் பெயர். மூளையில் பார்வைக்கான பகுதி சிதைந்தவர்கள் சிலர் தமக்கு எதுவும் தெரியவில்லை என்றே சொல்வார்கள். ஆனால் எதிரே இருப்பது எங்கே இருக்கிறது என்று ஊகித்துக் காட்டச் சொன்னால் வியப்பூட்டும் அளவுக்குச் சரியாகக் காட்டுவார்கள். கண் பார்க்கிறது, மூளை பயன்படுத்துகிறது, ‘பார்க்கிறேன்’ என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை. இந்த நிலையை ஓர் உயிரினம் முழுமைக்கும் விரித்தால் என்ன என்பது நாவலின் கேள்வி. சூரிய மண்டலத்தின் விளிம்பில் மனிதர்கள் ஒரு வேற்றுலகப் பொருளைச் சந்திக்கிறார்கள். தன் பெயர் ரோர்ஷாக் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு அது சரளமாக ஆங்கிலத்தில் உரையாடுகிறது. கப்பலில் உள்ள மொழியியலாளர், ஓர் உடலுக்குள் நான்கு ஆளுமைகளை வைத்திருப்பவர், அதனோடு பேசிப் பேசி, கடைசியில் ஆபாசமாகத் திட்டியும் பார்த்து, எதிர்ப்பக்கம் ஒரு சொல்லையும் புரிந்துகொள்ளவில்லை என்ற முடிவுக்கு வருகிறார். கேட்ட சொற்களின் கணக்கை வைத்து அது ஏற்ற சொற்களைத் திருப்பி அடுக்குகிறது, அவ்வளவுதான். அதற்கு அறிவு உண்டு, மனிதர்களைவிட அதிகமாகவே உண்டு; ‘நான்’ மட்டும் இல்லை. (சார்லிக்குக் காட்டிய மைக்கறை அட்டைகளும் ரோர்ஷாக் என்ற மருத்துவரின் பெயரில் வழங்குபவைதான். இரண்டு கதைகளிலும் அந்தப் பெயர் வருவது தற்செயலோ என்னவோ, மைக்கறையில் உருவத்தைப் பார்ப்பது பார்ப்பவரின் வேலை.)

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. நன்னூலில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது என்றார். ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும் அஃறிணை மருங்கினும் அறையப் படுமே.’ அஃறிணைப் பொருள்களைக் கேட்பவை போலவும் பேசுபவை போலவும் சொல்லலாம் என்பது பொருள். கிளக்குந போலவும், பேசுவது போலவும். வாட்ஸ் 300 பக்கங்களுக்கு மேல் நடுக்கத்தோடு விரித்த அச்சம், பவணந்தியாருக்கு அந்தப் ‘போல’வில் அடங்கிவிடுகிறது. இப்போது கைபேசியில் எதைக் கேட்டாலும் ‘புரிந்துகொண்டேன்’, ‘வருந்துகிறேன்’ என்று பதில் எழுதும் உரையாடல் செயலிகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ‘-ஏன்’ விகுதியில் என் கண் ஒரு கணம் நின்றுவிடுகிறது. வாட்ஸின் நாவலை நான் பாராட்டுகிறேன், ஆனால் நேசிக்கவில்லை. தன்னுணர்வு என்பது பரிணாமத்தின் வீண் செலவு என்று நிறுவ அவர் காட்டும் வேகத்தில், அந்தச் செலவால் நமக்குக் கிடைத்ததை எடைபோட அவர் நிற்கவே இல்லை.

2010-இல் வந்த ‘எந்திரன்’ படம் இதே கேள்வியை மிக எளிதாகக் கேட்டுவிட்டுப் போனது. சண்டைகளையும் பாட்டுகளையும் தள்ளிவிட்டு, கடைசி நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2030-இல் ஓர் அருங்காட்சியகம். பிரித்து வைத்த சிட்டியின் பாகங்களைப் பள்ளிக் குழந்தைகள் சுற்றிப் பார்க்கிறார்கள். இதை ஏன் பிரித்தார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, தனியே வைத்திருக்கும் தலை, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதாகத் தன்மையில் பதில் சொல்கிறது. அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருக்கும் ஒன்று, அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ள ‘-ஏன்’ விகுதியைப் பயன்படுத்துகிறது. அந்த ஒரு வரி போதும். அதற்கு முன்பு நடந்த இரும்புப் பாம்பும் இரும்புப் பந்தும் இல்லாமலே இருந்திருக்கலாம்.

மனத்தைக் கணினியில் ஏற்றும் கதைகளைப் பற்றி எனக்குப் பொதுவாக உற்சாகம் இல்லை. நகல் எடுத்த பிறகு அசல் எது என்ற குழப்பத்தைக் கொண்டு துரத்தல் காட்சிகள் எடுப்பதோடு பல படங்கள் நின்றுவிடுகின்றன. விதிவிலக்கு, ஆஸ்திரேலியாவின் கிரெக் ஈகன் 1990-இல் எழுதிய ‘நானாக இருக்கக் கற்றல்’ என்ற சிறுகதை. அந்த உலகில் எல்லோருடைய மண்டைக்குள்ளும் சிறு வயதிலேயே ஒரு மணியை, ரத்தினம் போன்ற ஒரு சிறு கணினியை, பதித்துவிடுகிறார்கள். மூளை செய்யும் ஒவ்வொன்றையும் பார்த்து அந்த மணி அவரைப் போலவே சிந்திக்கக் கற்கிறது. மணியின் பதில் மூளையின் பதிலிலிருந்து விலகினால், ‘ஆசிரியர்’ என்ற ஒரு கருவி உடனே திருத்திவிடும். முப்பது வயதை ஒட்டி, மூளையை எடுத்துவிட்டு உடலை மணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். கதை சொல்பவன் அந்த மாற்றத்துக்கு அஞ்சித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். மணி சிந்திப்பது உண்மையான சிந்தனையா, போலியா என்று வாதாடுகிறான். நாமும் அவனோடு சேர்ந்து அஞ்சுகிறோம். ஒருநாள் அவன் உடல் அவன் சொல் கேட்பதை நிறுத்திவிடுகிறது. கை ஒன்றைச் செய்கிறது, அவன் நினைத்தது வேறு. அப்போதுதான் தெரிகிறது: ‘ஆசிரியர்’ பழுதாகிவிட்டது; இதுவரை நமக்குக் கதை சொல்லிவந்த ‘நான்’ மூளை அல்ல, மணி. அவன் உள்ளே அலறிக்கொண்டிருக்க, மூளை தன் போக்கில் முடிவெடுத்து அறுவைக்கு ஏற்பாடு செய்கிறது.

முதல் முறை படித்தபோது புத்தகத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பினேன். ஒவ்வொரு வரியிலும் ‘நான்’ இருந்தது. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அது யாருடைய ‘நான்’ என்று எந்த வரியும் சொல்லியிருக்கவில்லை. இதே கதை ‘அவன்’ என்று படர்க்கையில் எழுதப்பட்டிருந்தால் முதல் பத்தியிலேயே திணையைச் சொல்ல வேண்டியிருக்கும். கதை அங்கேயே இறந்துபோயிருக்கும். தன்மைப் பெயரைப் பொதுப்பெயர்களோடு வைத்த பவணந்தியார் இதைப் படித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

சார்லியின் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை. சிறுகதையை விட்டு நாவலுக்கு நகர்ந்திருக்கிறேன். இப்போது தடங்கல் எழுத்துப்பிழை அல்ல. அறிவு வளர வளரச் சார்லிக்குப் பழைய நினைவுகள் திரும்புகின்றன; ஆனால் அவற்றில் வரும் சிறுவனை அவன் தன்னிலிருந்து விலக்கி, ‘சார்லி’ என்று மூன்றாம் மனிதனாகப் பார்க்கிறான். அந்தப் பழைய சார்லி எங்கோ நின்று தன்னைக் கவனித்துக்கொண்டிருப்பதாகவும் அவனுக்குத் தோன்றுகிறது. தாயின் கோபத்துக்கு முன்னால் அஞ்சி நிற்கும் ஒரு சிறுவனைப் பற்றிய வாக்கியம். மூலத்தின்படி ‘நின்றான்’ என்றுதான் போட வேண்டும். ஆனால் நினைவுகூர்பவன் அந்த நொடியில் தன்னை அறியாமல் அவனுக்குள் நழுவுகிறான் என்று எனக்குப் படுவதால், கை ‘நின்றேன்’ என்று எழுதப் போகிறது. முடிவெடுக்க முடியாமல் ‘நின்’ வரை எழுதி, மீதிக்கு இடம் விட்டு வைத்திருந்தேன்.

நேற்று மேசையைத் துடைக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“என்னப்பா, ‘நின்’னோட நிறுத்திட்டே? ‘உன்’னுன்னு அர்த்தம் ஆயிடும். முன்னிலைக்கா மாத்தப் போறே?”